வரவுக்குள் செலவாம்!

உவரியிலே ஒரு மாலை நேரம். பொதுக்கூட்டம் ஏழு மணிக்கு என்று சுவரொட்டி கூறிற்று; எட்டரைக்கு முன் தொடங்காது என்று அனுபவம் கூறிற்று. சுவரொட்டியைக் காட்டிலும் அனுபவத்தையே நம்பிப் பழகியவன் ஆகையால், கிளைச் செயலாளரிடம் சொல்லிவிட்டுக் கடற்கரைப் பக்கம் நடந்தேன். கரையேறி நின்றுவிட்ட கலம்போலக் கப்பல் மாதா ஆலயம் ஒருபுறம். விடியுமுன் சென்று கடலோடு மல்லாடித் திரும்பிய களைப்பிலே மணலில் சாய்ந்து கிடக்கும் வள்ளங்கள் மறுபுறம். இடையே கிடந்த வெளியில் பதினைந்து, இருபது சிறுவர்கள் பந்து உதைத்துக் கொண்டிருந்தார்கள். இரண்டு துடுப்புகளை நட்டால் அது ஒரு கோல். எதிர்ப்பக்கம் இரண்டு துடுப்புகள், அது இன்னொரு கோல். கோடு கிழிக்கக் காலின் பெருவிரல். நடுவர் கிடையாது, ஆகவே நியாயம் எந்தப் பக்கம் குரல் உரத்ததோ அந்தப் பக்கம் இருந்தது.

பந்து உருண்டு என் காலடிக்கு வந்தது. எடுக்க வந்த சிறுவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"அண்ணாச்சி, நீங்கதான ராத்திரி பேசப் போறவுக?"

"ஆமாம்" என்றேன்.

"ஒன்னு கேக்கட்டுமா? கையில காசு இருந்தாலும் ஆள் வாங்கக் கூடாதுன்னு அங்க சட்டமாமே. மீறுனா புள்ளியக் கொறைச்சுப் போடுதாங்களாமே. நெசமா?"

'அங்கே' என்றால் இங்கிலாந்து. சீமையிலே நடக்கும் பந்தயம் உவரி மணலுக்குக் கைப்பேசி வழியே வந்து சேர்ந்து நெடுநாளாகிறது. நான் வாய் திறக்குமுன், அருகே வலையைப் பழுது பார்த்துக் கொண்டிருந்த பெரியவர் முந்திக்கொண்டார்.

"அதுல என்னல தப்பு? வரவுக்குள்ள செலவு பண்ணுன்னு சொல்லுதான். நல்லதத்தான சொல்லுதான்!"

விடை சொல்வதற்குள் ஒலிபெருக்கி என்னை அழைத்துவிட்டது. அன்று மேடையிலே நான் பேசிய பொருள் வேறு. ஆனால் சிறுவனின் கேள்வியும் பெரியவரின் தீர்ப்பும் என்னோடு பேருந்தில் ஏறிக்கொண்டன. திசையன்விளை தாண்டியும் இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைக் கட்டுரையிலே கால்பந்தா என்று புருவம் உயர்த்தும் தோழர்கள் இருக்கக்கூடும். கால்பந்துக் கழகங்களைப் பற்றி எழுதப் புகுகிறேன்; 'கழகம்' என்ற சொல்லைக் கண்டதும் வேறு கழகங்களை எண்ணிக்கொண்டு எவரும் மனம் புண்பட வேண்டாம்! எவன் எவ்வளவு செலவிடலாம் என்று வரையறுக்கும் கோல் எவன் கையில் இருக்கிறதோ, அவன் கையில் அரசியல் இருக்கிறது. பந்து உருளும் இடத்திலும் அதுதான் நிலை.

முதலில் பெரியவரின் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். அது சிறிய நியாயமன்று. இங்கிலாந்திலே பரி என்றொரு சிறுநகர். அங்கே 1885-இல் தோன்றிய கழகம், 1900-லும் 1903-லும் இங்கிலாந்தின் புகழ்பெற்ற எஃப்.ஏ. கோப்பையை வென்ற கழகம், 2019 ஆகஸ்டில் கடனைத் தீர்க்க வழிகாட்ட இயலாமல் லீகிலிருந்தே நீக்கப்பட்டது. நூற்றிருபத்தைந்து ஆண்டுக்காலம் அந்த லீகில் ஆடிய பெயர், ஒரு செவ்வாய் இரவிலே அழிக்கப்பட்டது! பாட்டன் அமர்ந்த படிக்கட்டில் பேரன் வந்து அமர்வதற்கு ஆட்டமில்லை. சீமான் ஒருவனின் பணப்பை சிறிய கழகத்துக்கு ஏணியாகலாம். பை மூடிக்கொண்ட மறுநாள் அந்த ஏணியே பாடையாகிவிடும். ஆகவே, கண்மூடித்தனமாகச் செலவிடாதே, ஊழியனுக்கும் ஆட்டக்காரனுக்கும் ஊதிய பாக்கி வைக்காதே என்று விதி செய்கிறவனை நான் எதிர்க்கவில்லை. அவன் செய்வது காவல்.

ஆனால் காவலுக்கு வந்தவன் கையிலே இருக்கும் கோலைக் கொஞ்சம் பார்க்க வேண்டாமா?

ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பு 2010-இல் ஒரு விதிக்கு ஒப்புதல் அளித்தது. 'நிதி நேர்மை' என்று அதற்குப் பெயர் சூட்டினார்கள். என்னே அழகிய பெயர்! 2022-இல் அதைத் திருத்திப் புதுவிதி கொணர்ந்தார்கள்: ஒரு கழகம் தன் வருமானத்திலே இத்தனை விழுக்காட்டுக்கு மேல் ஆட்டக்காரரின் ஊதியத்துக்கும், ஆட்டக்காரரை வாங்குவதற்கும், தரகருக்கும் செலவிடலாகாது. முதலில் 90, பிறகு 80, 2025 முதல் 70 விழுக்காடு. எல்லோருக்கும் ஒரே 70! பேதமில்லை, பாரபட்சமில்லை, பெரியவன் சிறியவன் என்ற வேறுபாடில்லை என்று பெருமை பேசுகிறார்கள்.

கல்லூரியின் படிக்கட்டைப் பாதியிலே இறங்கி வந்தவன் நான். கணக்கு ஆசிரியர்கள் என்னைக் கண்டு பெருமூச்செறிந்ததுண்டு. எனினும் இந்தக் கணக்கு விளங்கப் பட்டம் தேவையில்லை. ஒருவனுக்கு ஆண்டு வரவு நூறு ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள்; அவன் எழுபது செலவிடலாம். மற்றவனுக்கு வரவு பத்து ரூபாய். அவன் ஏழு செலவிடலாம். இருவரும் ஒரே களத்திலே, ஒரே அளவு கோலுக்கு முன்னே, பதினோரு பேருக்குப் பதினோரு பேராக நிற்க வேண்டும். எழுபது ரூபாய்க்காரன் வெல்வான். வென்றதால் தொலைக்காட்சிப் பணம் கூடும், விளம்பரம் கூடும், வரவு நூற்றிருபது ஆகும். மறு ஆண்டு அவன் எண்பத்து நான்கு செலவிடலாம். பத்து ரூபாய்க்காரன்? அதே ஏழிலே நின்று, "சட்டத்தை மீறாத நல்ல பிள்ளை" என்ற பட்டத்தைச் சுமந்து கொண்டிருப்பான்.

நாடகக்காரனுக்குக் காட்சியாகச் சொன்னால்தான் மனம் ஆறும். 

அரசவை. மன்னன் கொலுவீற்றிருக்கிறான். 

"அமைச்சரே, குடிமக்கள் அளவுக்கு மீறி உண்பதாகக் கேள்வி. இனி அவரவர் களஞ்சியத்தில் உள்ளதில் பத்தில் ஏழு பங்குதான் உண்ண வேண்டும். நமக்கும் அதே விதி!" 

"ஆகா, மன்னா! சமதருமம்!" 

வாயிற்காவலன் மெல்லக் கேட்கிறான்: "பிரபு, என் களஞ்சியத்தில் இருப்பது ஒரு படி கேழ்வரகு..." 

"அப்படியானால் உனக்கு மூன்று பங்கு மிச்சம்! சேமித்துக்கொள்!" 

திரை.

இங்கிலாந்தின் பிரீமியர் லீகிலே கோல் இன்னும் விந்தையானது. 2013 முதல் அங்கே இருந்துவந்த விதிப்படி, ஒரு கழகம் மூன்றாண்டுகளில் மொத்தம் 10.5 கோடி பவுண்டு வரை இழப்புக் காட்டலாம், ஆண்டுக்கு 3.5 கோடி. இளையோர் பயிற்சிக்கும் மைதானத்துக்கும் ஆகும் செலவு இந்த இழப்பிலே சேராது. அது விதியின் நல்ல பகுதி, மறைக்க மாட்டேன். ஆனால் கீழ்த்தட்டு லீகிலிருந்து வெற்றிபெற்று மேலே வருகிறானே, அவனுக்கு? கீழே இருந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 1.3 கோடிதான் அனுமதி. நாட்டிங்காம் ஃபாரஸ்ட் கழகம் 23 ஆண்டுகள் கீழே கிடந்து 2022-இல் மேலே ஏறிற்று. 1979-லும் 1980-லும் ஐரோப்பாவின் தலைக்கோப்பையையே வென்ற பழம்பெருமை அதற்கு உண்டு. ஆனால் விதிக்குப் பழம்பெருமை தெரியாது. கீழே இரண்டு ஆண்டு, மேலே ஓர் ஆண்டு: அதற்கு அனுமதித்த இழப்பு 6.1 கோடி. பக்கத்து இருக்கையில் பல்லாண்டாய்ச் சாய்ந்திருக்கும் சீமான் கழகத்துக்கு 10.5 கோடி! எவன் படையை அடியோடு புதிதாகத் திரட்ட வேண்டுமோ, அவனுக்கு வாள் குட்டை. எவனிடம் படை ஏற்கெனவே இருக்கிறதோ, அவனுக்கு வாள் நெட்டை.

ஃபாரஸ்ட் அந்த எல்லையை 3.45 கோடி பவுண்டு தாண்டிவிட்டது. 2024 மார்ச்சில் நான்கு புள்ளிகள் பறிபோயின. ஏறிய முதல் ஆண்டிலே ஒரு படையணி அளவுக்கு ஆட்டக்காரரை வாங்கிக் குவித்த கழகம் அது. விவேகம் என்று அதற்குச் சான்றிதழ் தர நான் வரவில்லை. ஆனால் அந்த வழக்கின் உள்ளே ஒரு செய்தி இருக்கிறது. உவரிக் கரையிலே அதைச் சொன்னால் உடனே விளங்கும்.

பிரெண்ணன் ஜான்சன் என்றோர் இளைஞன். நாட்டிங்காமிலேயே பிறந்து, எட்டு வயது முதல் அந்தக் கழகத்திலேயே வளர்ந்தவன். கணக்கு ஆண்டு ஜூன் 30-இல் முடிகிறது. அதற்குள் அவனை விற்றிருந்தால் ஏடு நேராகியிருக்கும். ஆனால் அவசரக்காரன் விற்பனைக்கு அங்காடியிலே விலை ஏது? கழகம் பொறுத்திருந்து, செப்டம்பர் முதல் நாள் டாட்டன்காமுக்கு விற்றது, ஏறத்தாழ 4.75 கோடி பவுண்டு கிடைத்ததாகச் செய்தி. கூடுதல் விலைக்காகத்தானே காத்திருந்தோம், அது கழகத்துக்கு நன்மைதானே என்று வாதாடினார்கள். எடுபடவில்லை. நாள் கடந்துவிட்டது, தண்டனை!

முன்பணம் வாங்கிய மீனவன் படகிலே வஞ்சிரம் வந்திறங்கினாலும், ஏலத்திலே விலை ஏறும்வரை நிறுத்திவைக்க அவனால் முடியுமா? கடன் கொடுத்தவன் சொல்லும் விலைக்கு, அவன் சொல்லும் நேரத்தில், கூடையைத் தள்ளிவிட வேண்டியதுதான். கரையிலே அதற்குப் பெயர் கொடுமை. கால்பந்திலே அதற்குப் பெயர் நிதி ஒழுங்கு.

இன்னும் ஒரு படி உள்ளே போவோம். விலைக்கு வாங்கிய ஆட்டக்காரனின் விலையை ஒப்பந்த ஆண்டுகளுக்குப் பகிர்ந்து ஏட்டில் எழுதுகிறார்கள். அவனை விற்றால், எஞ்சிய தொகை போக மீதிதான் இலாபம். ஆனால் சொந்தப் பயிற்சிக் கூடத்திலே பிள்ளையிலிருந்து வளர்த்த ஆட்டக்காரன்? வாங்கிய விலை இல்லை; ஆகவே ஏட்டிலே அவன் மதிப்பு பூஜ்யம்! விற்றால் வருவதெல்லாம் முழு இலாபம். தாய்ப்பாலுக்கு இரசீது இல்லை அல்லவா? அதனால் கணக்கை நேராக்க வேண்டிய நாளிலே, வாங்கி வந்தவனைக் காட்டிலும் வளர்த்த பிள்ளையை விற்பதே ஆதாயம் என்று இந்த விதி கழகங்களுக்குக் கற்றுக்கொடுக்கிறது.

பெரிய கழகங்களும் நெருக்கடியில் சிக்கவில்லையா என்று கேட்பீர்கள். சிக்கின. பார்சிலோனாவிலே 2021 ஆகஸ்டில் மெஸ்ஸி கண்ணீர் சிந்தி விடைபெற்றது உலகறிந்த காட்சி. அந்நாட்டு லீகின் செலவு வரம்பு அவருக்கு இடம் தரவில்லை. ஆனால் அடுத்த ஆண்டே அந்தக் கழகம் தன் லீக் தொலைக்காட்சி வருமானத்திலே நான்கில் ஒரு பங்கை 25 ஆண்டுக்கு விற்றுப் பணம் திரட்டிற்று. புதிய ஆட்டக்காரர்கள் வந்தார்கள். இலண்டன் செல்சியிலே இரண்டு தங்கும் விடுதிகளைத் தன் உடன்பிறந்த நிறுவனத்துக்கே 7.65 கோடி பவுண்டுக்கு விற்றதாகக் கணக்கு எழுதினார்கள். இடக்கையிலிருந்து வலக்கைக்கு! பெரியவனுக்கு விற்பதற்கு விடுதி இருக்கிறது, வரப்போகும் கால் நூற்றாண்டு இருக்கிறது. சிறியவனுக்கு விற்பதற்கு என்ன இருக்கிறது? பிள்ளைகள்.

தண்டனையின் வேகத்தையும் பாருங்கள். துறைமுக நகர் லிவர்பூலின் எவர்ட்டன் கழகம் வரம்பை 1.95 கோடி பவுண்டு தாண்டியதற்கு 2023 நவம்பரில் பத்துப் புள்ளிகளை இழந்தது; மேல்முறையீட்டில் அது ஆறாகக் குறைந்தது. அதே ஆண்டு பிப்ரவரியிலேயே மான்செஸ்டர் சிட்டி மீது நூற்றுக்கு மேற்பட்ட குற்றச்சாட்டுகள் சுமத்தப்பட்டன. சிட்டி அவற்றை மறுக்கிறது. மறுப்பது அதன் உரிமை, தீர்ப்புக்கு முன் குற்றவாளி என்பது என் வழக்கமன்று. ஆனால் எவர்ட்டனும் ஃபாரஸ்ட்டும் தண்டனையை அனுபவித்து முடித்த பிறகு, 2024 செப்டம்பரில்தான் சிட்டியின் விசாரணையே தொடங்கிற்று. சட்டம் எல்லோருக்கும் ஒன்று. வழக்கறிஞர் கூலி?

2025 நவம்பரிலே பிரீமியர் லீகின் இருபது கழகங்களும் கூடின. மேசைமீதிருந்த திட்டங்களில் இரண்டைப் பாருங்கள். ஒன்று, வருமானத்திலே 85 விழுக்காடு வரை அணிக்காகச் செலவிடலாம் என்பது. மற்றொன்று, கடைசி இடத்துக் கழகம் லீகிடமிருந்து பெறும் பணத்தின் ஐந்து மடங்குக்கு மேல் எந்தக் கழகமும் செலவிடலாகாது என்பது. அதாவது, உச்சியில் இருப்பவனின் காலைக் கடைக்கோடியில் இருப்பவனின் தோளோடு கட்டிவைக்கும் திட்டம். முதலாவது நிறைவேறிற்று, 2026-27 முதல் நடப்புக்கு வரும் என்றார்கள். இரண்டாவது தோற்றது. ஆட்டக்காரர் சங்கமும் அதை எதிர்த்தது, தங்கள் ஊதியத்துக்கு உச்சவரம்பா என்று. தொழிலாளியின் அந்த அச்சத்தை நான் இகழ மாட்டேன். ஆனால் தன் சொந்த வரவே தனக்கு அளவுகோல் என்பது நிலைத்தது. அடுத்தவனின் வறுமையும் தனக்கு அளவுகோலாகலாம் என்பது தள்ளுபடியாயிற்று.

சீமைக் கதை போதும்; வீட்டுக்கு வருவோம்.

நம் நாட்டிலே இந்தியன் சூப்பர் லீக் 2014-இல் தொடங்கிற்று. அங்கே ஊதிய வரம்பு உண்டு. அது விழுக்காட்டுக் கணக்கிலே இல்லை. 2020-21 பருவத்திலே அந்த வரம்பு 16.5 கோடி ரூபாய். வங்கத்துப் பெருங்கழகமாயினும், புதிதாக வந்த கழகமாயினும், ஒரே தொகை. இந்த ஒன்றிலே இந்தியா சீமையை மிஞ்சிவிட்டது என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. களத்துக்குள்ளே கோல் நேராக இருந்தது. கோணல் வாசலிலே இருந்தது.

அந்த உவரிச் சிறுவர்களிடமே கேட்டேன்: பக்கத்து ஊரோடு பந்தயம் உண்டா? உண்டு, ஆனால் நுழைவுக் கட்டணம் ஐந்நூறு ரூபாயாம். முந்நூற்று நாற்பது சேர்ந்திருந்தது. மீதியை நான் தருகிறேன் என்று பையிலே கைவிட்டேன். "வேண்டாம் அண்ணாச்சி, பெரியவன் நாளைக்கு அவங்க அப்பாகூடக் கடலுக்குப் போறான், சேந்துரும்" என்றான் கேள்வி கேட்ட சிறுவன். நூற்றறுபது ரூபாய்க்குக் கடலுக்குப் போனால் போதும். பதினைந்து கோடிக்கு எந்தக் கடலுக்குப் போவது?

ஆம், பதினைந்து கோடி. 2017-இல் சூப்பர் லீகிலே புதிய இடங்களுக்கு ஏலம் அழைத்தபோது, ஆண்டுக்கு அந்த அளவுக் கட்டணம் என்று ஏடுகள் எழுதின. அதே 2017 ஏப்ரல் 30-ஆம் நாள் என்ன நடந்தது தெரியுமா? மிசோரம் மலைநாட்டின் ஐசால் கழகம், அன்றைய தேசிய வாகைப் போட்டியான ஐ-லீகை வென்றது. முந்தைய ஆண்டு கீழே தள்ளப்பட்ட கழகம். கோவாக் கழகங்கள் விலகியதால் மீண்டும் இடம் பெற்ற கழகம். ஆண்டுச் செலவு ஏறத்தாழ இரண்டு கோடி ரூபாய் என்று அன்று பேசப்பட்ட கழகம். மோகன் பகானை ஒரே ஒரு புள்ளியில் முந்தி, 37-க்கு 36 என்று முடிசூடிற்று. வாகை சூடியவனுக்கு உச்சிப் போட்டியிலே இடம் உண்டா? இல்லை! ஏலத்திலே பெங்களூருவும் ஜாம்ஷெட்பூரும் உள்ளே சென்றன. வென்றவன் வெளியே நின்றான். பயிற்சியாளர் காலித் ஜமீல் கொல்கத்தாவுக்குப் போனார். ஆட்டக்காரர் பலர் திசைக்கொருவராய்ப் பிரிந்தனர். அந்தக் காலித் ஜமீலைத்தான் 2025 ஆகஸ்டிலே இந்திய அணிக்கே தலைமைப் பயிற்சியாளராக அமர்த்தினார்கள். தகுதி இருந்தது, தோழர்களே. தகுதிக்கு வாசலிலே சீட்டு இல்லை.

நம் தமிழ்நாட்டுக்கும் அதே கதை உண்டு. சென்னை சிட்டி கழகம், 1946-இல் தோன்றியது. கோவை நேரு விளையாட்டரங்கைத் தன் களமாக்கிக் கொண்டு, 2019 மார்ச் 9-ஆம் நாள் மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று ஐ-லீக் வாகை சூடிற்று. 43 புள்ளிகள்; ஈஸ்ட் பெங்கால் 42. ஸ்பெயினிலிருந்து வந்த பெட்ரோ மான்சி ஒருவரே 21 கோல்கள் அடித்தார். அந்த ஆண்டு கோவையிலே கூடிய கூட்டத்தை நான் நேரிலே கண்டேன். என் நாடகம் எதற்கும் அப்படிக் கூடியதில்லை என்று பொறாமையோடு ஒப்புக்கொள்கிறேன். வென்ற கழகத்துக்கு என்ன கிடைத்தது? அதே ஆண்டு அக்டோபரிலே, கோலாலம்பூரில் ஆசியக் கூட்டமைப்பின் ஒப்புதலோடு ஒரு வழிவரைபடம் வகுத்தார்கள். சூப்பர் லீக் நாட்டின் முதல் தட்டு. ஐ-லீக் வாகையாளர் கட்டணமின்றி மேலே ஏறலாம், ஆனால் 2022-23 பருவத்து வாகையாளர் முதல்! 2019-இல் வென்றவனுக்கு 2023-இல் திறக்கும் கதவு. 2021-22 பருவத்தின் அட்டவணையிலே சென்னை சிட்டியின் பெயரே இல்லை. கோழிக்கோட்டுக் கோகுலம் கழகம் அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள், 2021-லும் 2022-லும், வாகை சூடிற்று. இரண்டு முடி; ஏணி இல்லை. பஞ்சாபுக்குத்தான் 2023-இல் கதவு திறந்தது.

அப்படிப் பத்திரமாகப் பூட்டிவைத்த மாளிகையாவது உறுதியாக நின்றதா? 2010-இல் 15 ஆண்டுக்கு 700 கோடி என்று எழுதிக்கொண்ட ஒரே ஓர் ஒப்பந்தத்தின் மேல் எழுந்த மாளிகை அது. ஒப்பந்தம் முடியப்போகிறது என்றதும், 2025 ஜூலையிலே அடுத்த பருவம் நிறுத்திவைக்கப்பட்டது. சென்னையின் எஃப்.சி. ஆகஸ்டிலே தன் பணிகளை நிறுத்துவதாக அறிவித்தது. பருவம் 2026 பிப்ரவரியில்தான், சுருங்கிய வடிவில், தொடங்கிற்று. வாசலிலே கோடி கோடியாக வாங்கியும் வீட்டுக்குள்ளே விளக்குக்கு எண்ணெய் இல்லை!

இடையிலே 2025 செப்டம்பரில், உச்சநீதிமன்றம் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் புதிய சட்டவிதிகளுக்கு ஒப்புதல் தந்தது. உச்சிப் போட்டியிலே ஏற்றமும் இறக்கமும் இருக்கவேண்டும் என்பது அதிலே எழுத்தாகி இருக்கிறது. எழுத்து நல்லது. எழுத்தைப் படித்துக் காட்டும் குரல் வேண்டும்.

சிறு கழகம் என்பது மாநகரிலே மட்டும் இல்லை. குமரிக் கடலோரம் இரவிபுத்தன்துறையில் பந்து உதைத்து வளர்ந்த மைக்கேல் சூசைராஜ், சென்னை சிட்டிக்கு ஆடினார். 2018-இல் ஜாம்ஷெட்பூருக்குப் போனார். 2020-இல் கொல்கத்தாவின் ஏ.டி.கே.யோடு சூப்பர் லீகை வென்றார். அவர் வளர்ந்ததிலே நமக்குப் பெருமை. ஆனால் எண்ணிப் பாருங்கள்: கடற்கரை பிள்ளையைத் தருகிறது, நகரக் கழகம் தீட்டித் தருகிறது, கோப்பை வேறெங்கோ போய்ச் சேர்கிறது. வளர்த்த கழகமோ அட்டவணையிலே கூட இல்லை.

இப்போது பெரியவருக்கு என் விடை. ஐயா, வரவுக்குள் செலவு செய் என்பது வீட்டுக்கு நல்ல விதி. கடலுக்கும் ஒரு விதி உண்டல்லவா? அதை நீங்கள் எனக்குச் சொல்லித்தரும் அளவுக்கு அறிவீர்கள். தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம், 1983: கரையை ஒட்டிய எல்லைக்குள் விசைப்படகு வரலாகாது, அந்த நீர் நாட்டுப்படகுக்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடை. உங்கள் வள்ளம் போகலாம். "அவரவர் சென்ற ஆண்டு பிடித்த மீனில் எழுபது விழுக்காடு பிடித்துக்கொள்ளுங்கள்" என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை! சொல்லியிருந்தால், இழுவைமடிக்காரன் எழுபது கூடை அள்ளுவான். நீங்கள் ஏழு மீனோடு கரையேறுவீர்கள். அந்த எல்லை நாள்தோறும் மீறப்படுவதும், அதற்காக இந்தக் கரை மல்லுக்கு நிற்பதும் வேறு கதை; எல்லை இருப்பதனால்தானே மல்லுக்கு நிற்க உங்களுக்கு உரிமை இருக்கிறது? வலியவனின் கையை எண்ணி அளந்து, எளியவனுக்கு நீர் ஒதுக்கும் விதி அது. கால்பந்துக்கு நான் கேட்பதும் அத்தகைய விதிதான்.

எல்லோருக்கும் ஒரே தொகையில் ஊதிய வரம்பு. அது இருக்கட்டும், காப்பாற்றுங்கள். வென்றவனிடம் வாசற்கட்டணம் கேளாதிருங்கள். கீழ்த்தட்டில் வென்றவன் அடுத்த பருவமே மேல்தட்டில் ஆட வேண்டும். மைதானம் இல்லை, விளக்கு இல்லை என்று உரிமம் மறுப்பதற்கு முன், அரசின் விளையாட்டரங்கை அந்தக் கழகத்துக்குக் குறைந்த வாடகையில் திறந்துவிடுங்கள். இதை நம் மாநிலமே செய்யலாம், தில்லியைக் கேட்க வேண்டியதில்லை. சிற்றூர்க் கழகம் வளர்த்த பிள்ளை பெரிய கழகத்துக்குப் போகும்போது, வளர்த்தவனுக்குப் பங்கு உண்டு என்று உலகக் கூட்டமைப்பு 2001-லேயே விதி செய்திருக்கிறது. பயிற்சி இழப்பீடு என்று பெயர். ஆனால் அது பதிவு பெற்ற கழகத்துக்குத்தான் கிடைக்கும். துடுப்பை நட்டு ஆடும் கழகத்துக்குப் பதிவேடு ஏது? நம் கிளைகளிலே மனு எழுதத் தெரிந்த தோழர்கள் ஆயிரம் பேர் இருக்கிறோம். கடற்கரை ஊர்களின் பந்துக் குழுக்களை மாவட்டச் சங்கத்திலே பதிவு செய்ய ஒரு மாலைப்பொழுதைக் கொடுத்தால் என்ன?

இந்த இதழின் இரண்டு படிகளை உவரிக் கிளைச் செயலாளருக்கு அனுப்பியிருக்கிறேன். ஒன்று வலை பின்னும் பெரியவருக்கு. எழுத்து மங்கலாய்த் தெரிகிறது என்றார் அன்று. பந்து எடுக்க வந்த சிறுவனே படித்துக் காட்டட்டும். எதிர்வாதம் இருந்தால் எழுதச் சொல்லியிருக்கிறேன். இன்னொரு படியின் மேல், பதிவுக்கான விண்ணப்பத் தாளையும் ஒட்டி அனுப்பியிருக்கிறேன். கழகத்தின் பெயர் என்ற இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன்.